மணி அடிக்காத அமர்வு

தம்பி பஸ் ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டிய பஸ் பத்தேகாலுக்குத்தான் நகர்ந்தது. அந்த முக்கால் மணி நேரமும் அக்காவும் தம்பியும் ஏழாம் நடைமேடையில், ஓடாத எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போகாதடா. இன்னும் ரெண்டு மாசம் பொறு. அந்த விதியைத் தூக்கிடுவாங்க."

"ரெண்டு மாசம் எவன் பொறுப்பான்? ஆள் எடுக்கிறது இந்த வாரம்."

"சரி, போ. ஆனா டேங்குக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி அன்னிக்கே காத்தைச் சோதிச்சாங்களான்னு கேளு. இல்லேன்னா இறங்காத."

"கேட்டா மேஸ்திரி என்ன சொல்வான் தெரியுமா? 'துரை, வீட்டுக்குப் போய் நல்ல காத்து வாங்கிட்டு வாங்க'ன்னு கேட்டைக் காட்டுவான்." தம்பி சிரித்தான். முன்பல் ஒன்று லேசாக உடைந்திருக்கும். சிறு வயதில் மாடிப்படியில் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தபோது உடைந்தது. "நீதானக்கா சட்டம் போடுற எடத்துல உக்காந்திருக்க. உள்ள இருந்துக்கிட்டே ஒரு கோடு கிழிச்சு விடேன்."

"நான் எங்கடா சட்டம் போடுறேன்? நாள் எண்ணுறேன்."

"அப்ப நல்லா எண்ணு."

நடத்துநர் விசில் ஊதினார். தம்பி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனான். பத்து வயது மூத்தவளைக் குட்டும் துணிச்சல் அவனுக்கு மட்டும்தான் உண்டு.

அவள் எண்ணுகிறேன் என்று சொன்னது வெறும் பேச்சில்லை. சட்டசபைக் கட்டடத்தின் அடித்தளத்தில், தண்ணீர் மோட்டார் அறைக்கு அடுத்த அறையில், இருபத்திரண்டு வருஷமாக அவள் செய்துவந்த வேலையே அதுதான். சக ஊழியர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'முப்பதக்கா'. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் வழக்கில் இல்லை.

சட்டத்தைச் சபைதான் போடுகிறது என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. சபை போடுவது பாதிதான். மூடிய தொட்டிகள் பற்றிய சட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். 'ஒவ்வொரு முறை ஆளை உள்ளே இறக்கும் முன்னும் காற்றைச் சோதிக்க வேண்டும்' என்று சபை எழுதியது. யார் சோதிப்பது, எந்தக் கருவியால், சான்று எந்த வடிவில் என்பதையெல்லாம் 'அரசு விதிகளால் வகுக்கலாம்' என்று ஒரு வரியில் துறையிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து போனது. மூன்றாம் மாடியில் ஓர் அதிகாரியும் இரண்டு தட்டச்சர்களும் மீதியை எழுதினார்கள். எழுதிய வரைவு அரசிதழில் வரும். ஆட்சேபம் சொல்லப் பதினைந்து நாள் கொடுப்பார்கள். அரசிதழை முழுதாகப் படிப்பவர்கள் இந்த நாட்டில் இரண்டே பேர் என்று அவள் சொல்வாள்: "அச்சுப் பிழை பார்க்கிறவர் ஒருத்தர், நான் ஒருத்தி. அவருக்கும் இப்ப கண் சரியில்லை."

பதினைந்து நாள் கழிந்தால் வரைவு விதியாகிவிடும்; அன்றே அமலுக்கும் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் அது சபைக்கு வரும். அமைச்சர் இருக்கையிலிருந்து பாதி எழுந்து, "மேசைமீது வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்வார். சில நாட்களில் ஒரே மூச்சில் முப்பது நாற்பது விதிகள் மேசைக்கு வரும். ஒருவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து சபைக்கு ஒரு பிடி உண்டு. முப்பது அமர்வு நாட்களுக்குள் பத்து உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் விதியை ரத்து செய்ய ஓட்டெடுக்கலாம். முப்பது தாண்டினால் போச்சு, விதி நிலைத்துவிடும். சபை கூடாத நாள் கணக்கில் வராது. சனி, ஞாயிறு வராது. அதனால்தான் எண்ணுவதற்கென்று ஓர் ஆள்.

விதிகளைப் படித்து, சட்டம் கொடுத்த அதிகாரத்தைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்து, விதிகள் ஆய்வுக் குழுவுக்குக் குறிப்பு எழுதுவதும் அவள் வேலை. தம்பி கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்புதான் தொட்டி விதிகளின் திருத்தம் அவள் மேசைக்கு வந்தது. நான்கு பக்கம். ஏழாம் விதியில் புதிதாக ஒரு வரி இருந்தது: ஒருமுறை பெற்ற காற்றுச் சோதனைச் சான்று ஏழு நாட்களுக்குச் செல்லுபடியாகும்.

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். ஒவ்வொரு முறையும் என்று சட்டம் சொல்கிறது. வாரத்துக்கு ஒருமுறை போதும் என்று துறை சொல்கிறது. கிடங்கு முதலாளிகள் சங்கம் ஒரு நன்றிக் கடிதம் அனுப்பியிருந்தது. அதுவும் 'பெறப்பட்ட கருத்துகள்' என்ற தலைப்பில் கோப்பில் இருந்தது. வேறு கருத்து எதுவும் இல்லை. டேங்குக்குள் இறங்கிக் கசடு வழிக்கிறவன் எந்தக் காலத்தில் அரசிதழ் பார்த்தான்?

ஒன்றரைப் பக்கக் குறிப்பு எழுதி, குழுவுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனால், தம்பி கூடத்தில் உட்கார்ந்து பழைய பூட்ஸுக்குக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தான். துறைமுகத்து எண்ணெய்க் கிடங்கில் டேங்க் சுத்தம் செய்ய ஆள் எடுக்கிறார்களாம். எட்டு மாதமாக வேலையில்லாமல் இருந்தவனுக்கு முகமே மாறியிருந்தது. அவன் மனைவி பக்கத்தில் நின்று அவனுடைய சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

சபை நடக்கும் நாட்களில் அவள் லீவு எடுத்ததே கிடையாது. அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. பழுப்புக் காகிதத்தில் ஒவ்வொரு விதிக்கும் முப்பது கட்டங்கள் போட்டுச் சுவரில் ஒட்டியிருப்பாள். சபை கலையும்போது மணிக்காரர் இரண்டு நீள மணி அடிப்பார். அந்தச் சத்தம் அடித்தளம்வரை வரும். அது கேட்டதும் பென்சிலை எடுத்து அன்றைய கட்டத்தில் ஒரு கோடு போடுவாள். அச்சான நடவடிக்கைக் குறிப்பு வர மூன்று மாதம் ஆகும்; அதற்காக எவன் காத்திருப்பான்? மேல்மாடியிலிருந்தே சந்தேகம் கேட்டு அவளுக்குத்தான் போன் வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ் நிலையத்திலிருந்து அவள் வந்து சேரும்போது பதினொன்று. தாழ்வாரத்தில் விளக்குகள் அணைந்திருந்தன. மணிக்காரர் படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பின் வாரை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, இன்னிக்கு மணி இல்லையா?"

"அடிக்கலைக்கா. யாரோ பழைய உறுப்பினர் செத்துட்டாராம். எல்லாரும் போயாச்சு."

"சபை இல்லேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு முழு நாள் லீவு போட்டிருப்பேனே."

"எங்களுக்கே காலையிலதான் தெரியும். நீங்க என்ன, கண்ணெல்லாம் செவந்திருக்கு?"

"ஒண்ணுமில்லை. பஸ்ல தூசி."

அவள் தன் அறைக்குப் போனாள். மாலைவரை மணி கேட்கவில்லை. கட்டம் காலியாகவே இருந்தது.

முந்தின வாரம் இரண்டு நாள் சபை கூடாமல் ரத்தாகியிருந்தது. இதுவும் அதுபோல என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அன்று பத்து மணிக்குச் சபை கூடியிருந்தது. இறந்தவருக்காக எழுந்து நின்றது. பதினொரு நிமிடத்தில் கலைந்தது. இரங்கலுக்காகக் கலையும்போது மரியாதைக்காக மணி அடிப்பதில்லை. அது அந்தக் கட்டடத்தின் பழைய வழக்கம். முப்பதக்காவுக்கு அது தெரியாததல்ல. வேறு எந்த நாளாக இருந்தாலும் "கூடிக் கலைஞ்சாங்களா, கூடவே இல்லையா?" என்று மணிக்காரரைக் குடைந்திருப்பாள். அன்று அவள் மனசு ஏழாம் நடைமேடையில் இருந்தது.

குழு கூடவில்லை. ஐந்து பேர் வந்தால்தான் கூட்டம். முதல் தடவை மூன்று பேர் வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள், இரண்டாம் தடவை இரண்டு பேர் வந்து டீ சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கட்டங்கள் நிறைந்துகொண்டே வந்தன. பதினெட்டு, பத்தொன்பது.

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். முதலில் மனைவியிடம் பேசுவான். பிறகு, "அந்த எண்ணுற பொம்பளையைக் கூப்பிடு" என்பான்.

"சான்று எப்போ போட்டதுடா?"

"டேங்க் வாசல்ல தொங்குதுக்கா. பிளாஸ்டிக் உறைக்குள்ள, சாமி படம் மாதிரி."

"தேதி என்ன?"

"புதன்கிழமை."

"இன்னிக்கு ஞாயிறு."

"ஏழு நாளாம்ல. மேஸ்திரி சொன்னான், அரசாங்கமே சொல்லிருச்சாம். உங்க ஆளுங்கதான்."

இருபத்திரண்டாம் கட்டத்தில் கோடு போட்ட அன்று அவள் செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தாள். சபை ஊழியர்கள் உறுப்பினர்களிடம் போய் இதைக் கேள், அதை எழுப்பு என்று சொல்லக்கூடாது, வேலையே போய்விடும். எதிர்வரிசையில் ஓர் உறுப்பினர் இருந்தார். முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், எல்லாருக்கும் அவர் 'வாத்தியார்'. நூலகத்தில் அவர் தனியாக இருந்தபோது, முப்பதக்கா தன் குறிப்பின் நகலை அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "இது நம்ம போட்ட சட்டத்தையே தின்னுடுச்சேம்மா."

"ஆமாங்கய்யா."

"யாரும் பாக்கலையா?"

"மேசைமேலதான் இருக்குங்கய்யா. அன்னிக்கு முப்பத்தெட்டு பேப்பர் வெச்சாங்க."

அந்த முப்பத்தெட்டையும் வைத்தபோது அவரும் சபையில்தான் இருந்தார். "பத்து கையெழுத்து வேணும். வாங்கிடலாம். எத்தனை நாள் இருக்கு?"

"எட்டு அமர்வுங்கய்யா."

கையெழுத்து வாங்குவது அவ்வளவு சுலபமாக இல்லை. கிடங்கு முதலாளிகள் எல்லாக் கட்சிக்கும் வேண்டியவர்கள். இருபத்தொன்பதாம் கோடு போட்டுவிட்டு அவள் மேலே ஓடியபோது வாத்தியார் கையில் எட்டுக் கையெழுத்து இருந்தது.

"ரெண்டு பேர் சம்மதிச்சுட்டாங்க. வெளியூர்ல இருக்காங்க, காலையில வந்துடுவாங்க. நாளைக்குத்தானே முப்பது?"

"நாளைக்குத்தாங்கய்யா."

"நிச்சயமா?"

"நான் எண்ணினது தப்பாதுங்கய்யா."

மறுநாள் பத்துக் கையெழுத்தோடு தீர்மானம் போனது. முப்பதக்கா பார்வையாளர் மாடத்துக் கதவோரம் நின்றிருந்தாள். அவைத்தலைவர் காகிதத்தைப் புரட்டினார், பக்கத்தில் இருந்த செயலரிடம் குனிந்து ஏதோ கேட்டார், நிமிர்ந்தார். "இந்த விதிகளுக்கான முப்பது அமர்வு நாட்கள் நேற்றோடு முடிந்தன. தீர்மானத்தை ஏற்பதற்கில்லை." அவ்வளவுதான். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

மேல்மாடியில் செயலர் தன் கைநாட்குறிப்பைத் திறந்து காட்டினார். பத்தாம் அமர்வு, செவ்வாய்க்கிழமை, இரங்கல், பதினொரு நிமிடம். அது தம்பி பஸ் ஏறிய நாள்.

வாத்தியார் அவளைத் திட்டவில்லை. வராந்தாவில் நின்று, "நேத்தேன்னு சொல்லியிருந்தா அந்த ரெண்டு பேரையும் கார் அனுப்பி அள்ளிக்கிட்டு வந்திருப்பேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "போம்மா, போய்த் தண்ணி குடி" என்றார்.

அவள் தன் பிரிவு அலுவலரிடம் போனாள். தவறு தன்னுடையது, எழுதித் தருகிறேன், நடவடிக்கை எடுங்கள் என்றாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"என்னன்னு நடவடிக்கை எடுக்கிறது? நீங்க எண்ணுறதுக்குச் சட்டத்துல எடமே இல்லைங்க. அது நம்ம வசதிக்கு ஒரு ஏற்பாடு. முப்பது எப்ப முடியுதோ அப்ப முடியும், நீங்க கோடு போட்டாலும் போடாட்டியும்."

இருபத்திரண்டு வருஷம்.

அந்த ஞாயிறு போனில், கணக்கு ஒரு நாள் தப்பியதைச் சொல்லி, திரும்பி வந்துவிடு என்று அவள் அழுதே கேட்டாள். தம்பிக்கு அவள் அழுது பழக்கமில்லை, தடுமாறிப் போனான். "ஏய், என்னக்கா இது. ஒரு நாள் தப்பினதுக்கா இவ்வளவு? இன்னும் நாலே டேங்க்தான். முடிச்சுட்டு வந்துடுறேன். வந்து உனக்கு விரல் விட்டு எண்ணக் கத்துக்குடுக்கிறேன்."

மூன்றாவது டேங்கில் அது நடந்தது. வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன். ஏணியின் கடைசிப் படியில் கால் வைத்தவன் மடங்கி விழுந்திருக்கிறான். மேலே நின்றவர்கள் வழுக்கிவிட்டான் என்று நினைத்துக் கேலி செய்திருக்கிறார்கள். பதில் வரவில்லை என்றதும் ஒருவன் மூக்கில் துணி கட்டிக்கொண்டு இறங்கப் போயிருக்கிறான். மேஸ்திரி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வெளியே போட்டதால் அவன் பிழைத்தான். தம்பியைக் கயிறு கட்டித் தூக்க நாற்பது நிமிடம் ஆயிற்று.

விசாரணை நடந்தது. அறிக்கை ஒரே பக்கம். முப்பதக்கா அதை அலுவலகத்தில், கோப்பு படிக்கும் அதே மேசையில் வைத்துப் படித்தாள். வாசலில் தொங்கிய சான்று நான்கு நாட்களுக்கு முந்தையது. ஏழாம் விதிப்படி அது செல்லும். ஆகவே விதிமீறல் ஏதும் இல்லை. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. விதிமீறல் உண்மையிலேயே இல்லைதான்.

பதினேழாம் நாள், வீட்டில் உறவுக்காரர்கள் எல்லாரும் போன பிறகு, தம்பி மனைவியிடம் அவள் சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை, பஸ், மணி, காலிக் கட்டம், எல்லாவற்றையும். அந்தப் பெண் அடுப்படியில் நின்று, திரும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதை எதுக்கு அண்ணி எங்கிட்ட சொல்றீங்க?"

"உனக்குத் தெரியணும்ல."

"தெரிஞ்சு? மன்னிச்சேன்னு சொல்லணுமா? எனக்கு அதெல்லாம் வராது. நீங்க அவரை வழியனுப்பப் போகாம இருந்திருந்தா, அவர் அதுக்கும் கோச்சிக்கிட்டுத்தான் பஸ் ஏறியிருப்பார்." தட்டை ஓசையோடு கீழே வைத்தாள். "உக்காருங்க. நீங்க சாப்பிட்டாத்தான் நான் சாப்பிட முடியும்."

அதன்பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. இருவரும் அந்த வீட்டிலேயே இருந்தார்கள். தம்பி மனைவி துணிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடித்தால் இருவரில் யாரும் உடனே எழுந்திருப்பதில்லை.

அலுவலகத்தில் முப்பதக்கா எண்ணுவதை நிறுத்தவில்லை. நிறுத்துவாள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். சுவரில் கட்டங்கள் இருந்தன. ஆனால் மணியை நம்புவதை விட்டுவிட்டாள். தினமும் பத்து மணிக்கு மாடிப்படி ஏறி, மாடத்துக் கதவைத் திறந்து, சபையில் விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு இறங்குவாள். முட்டி வலி வந்து ஏற முடியாமல் போன பிறகு மணிக்காரரே வந்து கதவைத் தட்டுவார். இரங்கல் நாட்களில் அவர் குரல் தணிந்திருக்கும். "அக்கா, இன்னிக்கு உண்டு. பதினாலு நிமிஷம்."

குழு எப்போதாவது கூடியது. தொட்டி விதி பற்றிய குறிப்பை ஒவ்வொரு புதிய குழுவுக்கும் அவள் மறுபடி அனுப்பினாள். முப்பது நாள் போனாலும், திருத்துங்கள் என்று துறைக்குப் பரிந்துரைக்கக் குழுவுக்கு உரிமை உண்டு. துறை கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்றாவது குழு பரிந்துரைத்தது. பதில் வருவதற்குள் அவள் ஓய்வு பெற்றுவிட்டாள். வழியனுப்பு விழாவில் ஆளாளுக்குப் பேசினார்கள். மணிக்காரர் பேசவில்லை; அவர் பாட்டுக்குப் போய் இரண்டு நீள மணி அடித்துவிட்டு வந்தார்.

தம்பி போய் ஆறரை வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. பழைய அறை எண்ணை யாரோ அடித்துவிட்டு வீட்டு முகவரியைப் பச்சை மையில் எழுதியிருந்தார்கள். ஒரு மதியம், தம்பி மனைவிதான் அதைத் தபால்பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள்.

"அரசாங்கத்துலேர்ந்து அண்ணி. எனக்குப் புரியாது, நீங்களே படிங்க. சத்தமா."

முப்பதக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பார்வை எண், பொருள், தேதி எல்லாவற்றையும் விடாமல் படித்தாள். மூடிய தொட்டி விதிகளில் ஏழாம் விதி மூலச் சட்டம் வழங்கிய அதிகாரத்தைத் தாண்டுவதாகத் தாங்கள் சுட்டியதைத் துறை ஏற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு முறை ஆளை இறக்கும் முன்னும் காற்றைச் சோதித்துப் புதிய சான்று பெற வேண்டும் என விதி திருத்தப்பட்டுள்ளது.

தம்பி மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எப்பலேர்ந்து?"

முப்பதக்கா தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. மனசுக்குள் ஒருமுறை படித்துக்கொண்டு, பிறகு வாய்விட்டுப் படித்தாள்.

"இத்திருத்தம், அரசு பின்னர் அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்."